வலிப்பின் ஊற்று ஓரிடம், மதகு வேறிடம்

டெம்போரல் லோப் வலிப்பு வந்தவரின் காணொளியைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் கைகளை உன்னிப்பாகக் கவனிப்பார். ஒரு கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருக்கும். மறு கை முறுக்கிக்கொண்டு விறைத்திருக்கும். முறுக்கியது இடது கை என்றால், வலிப்பு மூளையின் வலப்பக்கத்தில் தொடங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். வலிப்பின்போது மூளையின் இரத்த ஓட்டத்தை ஆய்வாளர்கள் படம்பிடித்துப் பார்த்தார்கள். முறுக்கிய கைக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள பேசல் காங்கிலியாவில் ஓட்டம் கூடியிருந்தது.

இந்த வலிப்பு பெரும்பாலும் தொடங்குவது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸில். பேசல் காங்கிலியாவோ மூளையின் ஆழத்தில் இருக்கும் நரம்பணுக் கூட்டங்கள். உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்துவது அவற்றின் வேலை என்று படித்திருக்கிறோம். பார்க்கின்சன் நோயைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவற்றை நினைத்துக்கொள்கிறோம். வலிப்பில் அவற்றுக்கு என்ன வேலை?

வலிப்பை அவை பிறப்பிப்பதில்லை. செக் குடியரசின் பர்னோ நகரில் இவான் ரெக்டர் குழுவினர் நோயாளிகளின் பேசல் காங்கிலியாவில் மின்முனைகளை வைத்துப் பதிவுசெய்தபோது, வலிப்புக்கே உரிய கூர்முனை அலைகள் அங்கே எழவில்லை. வலிப்பு மூளையில் பரவியபோது அங்கே அலைகளின் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். ஊற்று ஹிப்போகேம்பஸில் இருக்கிறது. வெள்ளம் எவ்வளவு தூரம் பாயலாம் என்பதில் கைவைக்கும் மதகுதான் பேசல் காங்கிலியா.

இதைத் துலக்கிய சோதனை 1982இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. மைக்கேல் ஐயடரோலா, கேரன் கேல் இருவரும் எலிகளின் நடுமூளையில் உள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் காபா என்ற வேதிப்பொருளின் செயலை மருந்தால் கூட்டினார்கள். மின்னதிர்ச்சியும் வலிப்பைத் தூண்டும் மருந்துகளும் கொடுத்தும் அந்த எலிகளுக்கு வலிப்பு தடுக்கப்பட்டது. காபா நரம்பணுக்களை அடக்கும் பொருள். அப்படியானால் நைக்ராவை அடக்கியதும் வலிப்பு அடங்கியது ஏன்? நைக்ராவின் ரெட்டிகுலாட்டா பகுதி அணுக்கள் இடைவிடாமல் துடித்து, தாங்களும் காபாவை வெளியிட்டு, மேல் காலிக்குலஸ் என்ற இன்னொரு பகுதியை ஓயாமல் அழுத்திவைத்திருக்கின்றன. அவை ஓய்ந்தால் அந்தப் பகுதி விடுபட்டு, வலிப்புக்கு எதிராக வேலை செய்கிறது. அடக்குவதை அடக்கினால் காப்பு கிடைக்கிறது! மூளையைப் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு நேர்த்தியான தலைகீழ்த் தர்க்கம் வேறொன்றில்லை.

ஹிப்போகேம்பஸையே நேராகச் சோதித்தவர்கள் இத்தாலியின் பலேர்மோ நகர ஆய்வாளர்கள். 1980களில் லா குருட்டா, சபாட்டினோ ஆகியோர் பூனைகளின் ஹிப்போகேம்பஸில் வலிப்பு அலைகளை உண்டாக்கி, பேசல் காங்கிலியாவின் அங்கமான காடேட் கருவை மின்சாரத்தால் தூண்டினார்கள். ஹிப்போகேம்பஸின் அலைகள் தணிந்தன. ஒன்றையொன்று நேரே தொடாத இரு பகுதிகளுக்கிடையே தாலமஸ், செப்டம் போன்ற இடைநிலையங்கள் செய்தி கடத்துகின்றன.

ஆனால் இதை எளிய விசை என்று எண்ணிவிடக் கூடாது. நியூயார்க்கில் சாலமன் மோஷே குழுவினர் காபாவைப் போல் செயல்படும் ஒரே மருந்தை வளர்ந்த ஆண் எலிகளின் நைக்ராவில் முன்பக்கம் செலுத்தியபோது வலிப்பு தடைப்பட்டது. பின்பக்கம் செலுத்தியபோது வலிப்பு எளிதாக வந்தது. குட்டி எலிகளில் கணக்கே வேறு. சற்றே இடம் தவறினால் மருந்தே தீங்காகும் என்பதால்தான் மனிதரிடம் இதை முயல்வதில் இவ்வளவு பொறுமை தேவைப்படுகிறது.

அந்தப் பொறுமையோடு தொடர்ந்து முயல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு; அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாத்திரைகள் போதுமான பலன் தருவதில்லை. ஊற்றையே வெட்டியெடுக்கலாம் என்றால், நினைவையும் பேச்சையும் இழக்கும் அபாயம் சிலருக்கு உண்டு. பார்க்கின்சன் நோய்க்கான மூளைத் தூண்டலில் பெயர்பெற்ற பிரான்சின் கிரனோபில் நகர மருத்துவர் பெனபிட், பேசல் காங்கிலியாவைச் சேர்ந்த சப்தாலமிக் கருவை வலிப்புக்காகவும் தூண்டிப் பார்த்தார். சில நோயாளிகளுக்கு நல்ல பலன் கிடைத்தது. ஆனால் அந்த எண்ணிக்கை மிகச் சிறியது. பெரிய சோதனையில் தேறியது ஹிப்போகேம்பஸோடு பிணைந்த வேறோர் இடம்: தாலமஸின் முன்புறக் கரு. 110 பேரிடம் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2010இல் வெளியானது. 2 ஆண்டுகளில் வலிப்புகள் நடுமதிப்பில் 56 சதவீதம் குறைந்திருந்தன. அமெரிக்காவில் 2018இல் அச்சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது.

வலிப்பு தலைகாட்டும் நொடியைக் கண்டறிந்து, அப்போது மட்டும் மின்துடிப்பு தரும் கருவிக்கு அங்கே 2013இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. அதன் மின்முனைகளை வைப்பது வலிப்பின் ஊற்றில்தான். ஹிப்போகேம்பஸில் அலை எழும்போது காடேட்டையோ நைக்ராவையோ தூண்டும் ஒரு கருவி வருமா என்பதே இப்போது நான் ஆவலோடு விடை எதிர்பார்க்கும் கேள்வி.