மனைவியோட சம்மதம் வாங்கிட்டீங்களா?

கென்யாவின் மாவ் காட்டை ஒட்டிய பகுதி ஓல் புசிமோரு. இங்கே நிலத் தகராறு என்றால் கோர்ட்டுக்குப் போவது அபூர்வம். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு. அந்தப் பெரியவர்கள் எல்லோரும் ஆண்களாகவே இருந்தார்கள்!

2010-ல் வந்த புதிய அரசியல் சட்டம், நிலத்தில் பெண்களுக்குப் பாகுபாடு கூடாது என்றது. ஊர்ப் பஞ்சாயத்தையும் ஏற்றுக்கொண்டது, அடிப்படை உரிமைகளை மீறாதவரை. ஆனால், இதெல்லாம் தீர்ப்பு சொல்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே?

அந்தப் பெரியவர்களையே உட்காரவைத்துச் சட்டம் சொல்லிக்கொடுத்தது ஒரு திட்டம். பெண்களுக்கும் பயிற்சி உண்டு (இதுதான் சாமர்த்தியம். கேட்கத் தெரிந்தால்தானே கிடைக்கும்!).

பிறகு, நிலத்தைக் குத்தகைக்கு விடக் கணவர் வந்தால், மனைவியின் சம்மதம் வேண்டும் என்று பெரியவர்களே கறாராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அத்தோடு, அந்தப் பெரியவர்கள் வரிசையில் முதல்முறையாகப் பெண்களும் தேர்வானார்கள்.