இழுத்துச் செல்லும் வீடா, ஓட்டிச் செல்லும் வீடா?

விடுமுறை நாட்களில் வீட்டையும் உடன் கொண்டு ஊர் சுற்றும் பழக்கம் பிரிட்டனில் மிகப் பரவலாக உள்ளது. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை ஆகிய எல்லாம் அடங்கிய அச்சிறு வீடுகள் இரு வகைப்படும். முதல் வகை கேரவன். நம் ஊரில் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டியைக் கேரவன் என்கிறோம். பிரிட்டனில் அச்சொல் எஞ்சின் இல்லாத, காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் வீட்டையே குறிக்கும். இரண்டாவது வகை மோட்டார்ஹோம். இதில் வீடும் எஞ்சினும் ஒரே சட்டத்தின்மேல் அமைந்திருக்கும்.

பல ஆண்டுகள் கேரவனை இழுத்துப் பழகியவர்கள், பணி ஓய்வு பெறும் வயதில், ‘இதை விற்றுவிட்டு மோட்டார்ஹோம் வாங்கலாமா?’ என்று எண்ணத் தொடங்குகிறார்கள். மழையில் நின்றுகொண்டு கொக்கி மாட்டுவதும், பின்னோக்கி ஓட்டி இடத்தில் நிறுத்துவதும், நான்கு மூலைகளிலும் ஊன்றுகால்களை இறக்குவதும் முதுமையில் கடினமாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் இம்மாற்றம் ஆயுட்காலச் சேமிப்பில் பெரும் பகுதியை விழுங்கக்கூடியது. தவறாகக் கணக்கிட்டால் சாலையில் ஆபத்தும் உண்டு. ஆகவே இதை வெறும் வசதிப் பிரச்சினையாகப் பார்க்காமல், விசை, எடை, நெம்புகோல் ஆகியவற்றின் வழியாகவும் பார்ப்பது நல்லது.

சிறிது வரலாறு

பொழுதுபோக்குக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் எனப் பலராலும் கருதப்படுவது ‘வாண்டரர்’ என்னும் குதிரை வண்டியாகும். கடற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரான வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் 1885-இல் இதைக் கட்டுவித்தார். 1907-இல் ‘கேரவன் கிளப்’ தோன்றியது. முதல் உலகப் போர் முடிந்த பின், 1919 முதல், பர்மிங்ஹாமைச் சேர்ந்த எக்கிள்ஸ் நிறுவனம் கார் இழுக்கும் கேரவன்களைச் செய்து விற்கத் தொடங்கியது. ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-இல் ஃபோக்ஸ்வேகன் வேனை வீடாக மாற்றியமைத்தது. அதன் பின் வீடும் எஞ்சினும் இணைந்த வகையும் செல்வாக்குப் பெற்றது. கேரவன் கிளப்பே 2017-இல் ‘கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்’ எனப் பெயர் மாற்றிக்கொண்டது என்றால், காலத்தின் போக்கை நாம் உணரலாம்.

பாம்பு நெளிவு

கேரவன் ஓட்டுவோர் மிகவும் அஞ்சுவது ‘பாம்பு நெளிவு’ என்னும் நிலையைத்தான். கார் நேராகச் செல்லும்போதே, பின்னால் வரும் கேரவன் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். சில நொடிகளில் ஆட்டம் வளர்ந்து காரையும் பாதையிலிருந்து இழுத்துவிடும். இது ஏன் நிகழ்கிறது?

கேரவன், கொக்கி என்னும் ஒரே புள்ளியில் காருடன் இணைந்துள்ளது. பெரிய லாரி ஒன்று வேகமாகக் கடந்து செல்லும்போது எழும் காற்று அதை ஒரு பக்கம் தள்ளினால், அது ஊஞ்சலைப் போல மறுபக்கமும் ஆடும். மெதுவாகச் செல்லும்போது சக்கரங்களின் ரப்பர், பக்கவாட்டு அசைவை எதிர்த்து ஆட்டத்தை அடக்கிவிடும். ஆனால் வேகம் கூடக் கூட இந்த அடக்கும் திறன் குறைகிறது. கேரவன் பக்கவாட்டில் அசையும் வேகத்தை, முன்னோக்கிச் செல்லும் வேகத்தோடு ஒப்பிட்டால், அந்த விகிதம் சிறிதாகிவிடுகிறது. சக்கரம் சாலைமீது சரியும் கோணமும் அதற்கேற்பச் சிறிதாகிறது. கோணம் சிறிதானால் எதிர்ப்பு விசையும் சிறிதாகும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஆட்டம் அடங்குவதற்குப் பதிலாக ஒவ்வொரு வீச்சிலும் பெருகும்.

இங்கே இரண்டு பழைய பாடங்கள் நமக்கு உதவும். முதலாவது, மாட்டு வண்டிக்காரர் அறிந்த பாடம். இரு சக்கர வண்டியில் பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். அளவான முன்பாரமே வேண்டும். கேரவனிலும் இதே கதைதான். பாரம் ஏற்றிய கேரவனின் எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியின்மேல் அழுந்த வேண்டும் என்பது பொது விதி. 1,500 கிலோ கேரவனுக்கு இது 75 முதல் 105 கிலோ வரை ஆகும். ஆயினும் காரும் கொக்கியும் தாங்கும் அளவை இது மீறக்கூடாது.

இரண்டாவது, சுழற்சி பற்றிய பாடம். ஒரு பொருள் சுழல்வதை எதிர்க்கும் தன்மை, அதன் எடையை மட்டுமன்றி, அச்சிலிருந்து அதன் தூரத்தின் இருமடியையும் பொறுத்தது. 20 கிலோ பெட்டி ஒன்றை அச்சிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் வைக்காமல் 3 மீட்டர் தூரத்தில், கடைக்கோடியில், வைத்தால் இவ்விளைவு 9 மடங்காகிறது. ஆடத் தொடங்கிய கேரவனை அடக்குவதும் அவ்வளவுக்குக் கடினமாகிறது. பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட சோதனை முடிவும் இதையே உறுதி செய்தது. கேரவனின் மொத்த எடையைக் காட்டிலும், எடை எவ்வாறு பரவியுள்ளது, கொக்கியில் எவ்வளவு அழுந்துகிறது, அச்சு எங்கே உள்ளது என்பனவே நிலைத்தன்மையை அதிகம் தீர்மானிக்கின்றன என அவர்கள் கண்டனர்.

இதனால் மொத்த எடையைப் புறக்கணிக்கலாம் என்று பொருளல்ல. மேடு ஏறவும், பிரேக் போட்டு நிறுத்தவும் எடை முக்கியம். புதிதாக இழுப்போருக்குக் கேரவனின் எடை, காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அறிவுரை கூறுவர். 1,800 கிலோ கார் எனில் 1,530 கிலோ வரை. நெளிவு தொடங்கிவிட்டால் எஞ்சின் மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்து, திருப்புவளையத்தை நேராகப் பிடித்து, வேகம் தானே குறைய விட வேண்டும். இன்றைய கேரவன்கள் பலவற்றில், ஆட்டத்தை உணர்ந்து கேரவனின் பிரேக்கைத் தானே இயக்கும் மின்னணுக் கருவியும் உண்டு.

மோட்டார்ஹோமில் இந்தத் தொல்லை இல்லை. நடுவில் மூட்டு இல்லாததால் பாம்பு நெளிவு நிகழாது. பின்னோக்கி ஓட்டும்போது திருப்புவளையத்தை எதிர்ப்பக்கம் திருப்பும் வித்தையும் தேவையில்லை. மாற நினைப்போர் பலரைக் கவர்வது இதுவே.

எடை எங்கே போனது?

ஆனால் கொக்கியில் இருந்த சிக்கல் முற்றிலும் மறைந்துவிடவில்லை. வண்டியின் அடிச்சட்டத்துக்குள் புகுந்துகொள்கிறது. ஐரோப்பாவில் சாதாரணக் கார் உரிமத்துடன் ஓட்டுவதற்காகவே பெரும்பாலான மோட்டார்ஹோம்கள் 3,500 கிலோ உச்ச எடைக்குள் பதிவு செய்யப்படுகின்றன. வண்டி, எரிபொருள், ஓட்டுநர் ஆகியவை போக எஞ்சுவதே நாம் ஏற்றக்கூடிய பாரம். எடுத்துக்காட்டாக ஒரு வண்டி இவ்வாறு 3,080 கிலோ எனக் கொள்வோம். மீதம் 420 கிலோ. இது பெரிய எண்ணாகத் தோன்றும். கணக்கைப் பாருங்கள்:

உடன் வரும் ஒருவர் – 65 கிலோ
வெளிப்பந்தல் – 30 கிலோ
சூரிய மின்தகடும் இரண்டாவது மின்கலமும் – 40 கிலோ
மின் மிதிவண்டிகள் இரண்டு – 50 கிலோ
அவற்றைத் தாங்கும் சட்டம் – 15 கிலோ
கூடுதலாக நிரப்பும் 80 லிட்டர் தண்ணீர் – 80 கிலோ
உணவும் பாத்திரங்களும் – 60 கிலோ
உடையும் படுக்கையும் – 50 கிலோ
நாற்காலி, மேசை, மின்கம்பி, கருவிகள் – 45 கிலோ

மொத்தம் 435 கிலோ. அதாவது ஆடம்பரம் ஏதுமின்றியே வரம்பை 15 கிலோ தாண்டிவிட்டோம். பேரக்குழந்தை ஒருவரைக்கூட ஏற்ற முடியாது. கேரவன் வைத்திருந்தபோதோ, இதே பாரத்தைக் காருக்கும் கேரவனுக்கும் பங்கிட்டு வைக்க முடிந்தது.

இத்துடன் நெம்புகோலும் வேலை செய்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4 மீட்டர் தூரம் என்போம். மிதிவண்டிகளும் சட்டமும் சேர்ந்து 65 கிலோ. அவை பின் அச்சுக்கு 2.4 மீட்டர் பின்னால் தொங்குகின்றன. அப்போது பின் அச்சின்மீது கூடும் எடை 65 கிலோ அன்று, 104 கிலோ! முன் அச்சில் 39 கிலோ குறைகிறது. மோட்டார்ஹோம்கள் பலவற்றை முன் சக்கரங்களே இயக்குகின்றன. ஆகவே ஈரப் புல்தரையில் முன் சக்கரங்கள் பிடிப்பின்றிச் சுழல்வதற்கு இது ஒரு காரணமாகிறது. மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் வரம்பு மீறியிருக்கக் கூடும்.

சட்டமும் வயதும்

பிரிட்டனில் 1997 ஜனவரி 1-க்கு முன் கார் ஓட்டும் தேர்வில் வென்றவர்கள் 7,500 கிலோ வரையுள்ள வண்டிகளை ஓட்டும் உரிமை பெற்றிருந்தனர். பின்னர் தேறியவர்களுக்குப் பொதுவாக 3,500 கிலோவே எல்லை. முன்னவர்களும் 70 வயதில் அந்தக் கூடுதல் உரிமையைத் தக்கவைக்க மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கேரவனின் நிலை வேறு. 2021 டிசம்பர் 16 முதல், கார் உரிமம் உள்ளவர் தனித் தேர்வு எழுதாமலே 3,500 கிலோ வரையுள்ள இழுவை வண்டியை இழுக்கலாம். கொக்கி மாட்டச் சிரமப்பட்டு, முதுமையில் கனமான மோட்டார்ஹோமுக்கு மாறும் ஒருவர், சில ஆண்டுகளில் அதை ஓட்டும் உரிமையையே இழக்க நேரலாம் என்பது கவனிக்கத்தக்கது.

வேக வரம்பிலும் வேறுபாடு உண்டு. கேரவன் இழுக்கும் கார் மோட்டார் நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 96 கிலோமீட்டர், வேகத்துக்கு மேல் செல்லக்கூடாது. மோட்டார்ஹோம் 70 மைல் வரை செல்லலாம். ஆயினும் காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக உயர்வதால், 60-லிருந்து 70-க்குப் போக ஏறக்குறைய ஒன்றரை மடங்கு திறன் வேண்டும்! இந்த உரிமைக்கு எரிபொருளில் விலை கொடுக்க வேண்டியுள்ளது.

தங்கும் பழக்கம்

அடுத்துக் காண வேண்டியது நம் பழக்கம். கார்ன்வால் கடற்கரையில் ஒரே இடத்தில் இரண்டு வாரம் தங்கும் குடும்பத்துக்குக் கேரவன் ஏற்றது. ஒரு முறை நிறுத்திவிட்டால் காரைக் கழற்றிக்கொண்டு குறுகிய கிராமச் சாலைகளில் எங்கும் போய் வரலாம். மோட்டார்ஹோமிலோ, பால் வாங்கப் போவதானாலும் மின்கம்பியைப் பிடுங்கி, கோப்பைகளை உள்ளே வைத்துப் பூட்டி, வீட்டோடுதான் கிளம்ப வேண்டும். மாறாக, ஸ்காட்லாந்தின் வடகோடியைச் சுற்றி வரும் சுமார் 830 கிலோமீட்டர் ‘நார்த் கோஸ்ட் 500’ பாதையில் தினம் ஓர் ஊராகச் செல்வோருக்கு மோட்டார்ஹோமே எளிது. வண்டியை நிறுத்திய சில நிமிடங்களில் தேநீர் தயாராகிவிடும்.

செலவும் இதையே சார்ந்தது. கேரவனுக்கு எஞ்சின் இல்லை. சாலை வரியோ ஆண்டுத் தகுதிச் சான்றோ தேவையில்லை. மோட்டார்ஹோமுக்கு இவை வேண்டும். மூன்றாம் ஆண்டு நிறைந்தது முதல் ஆண்டுதோறும் சோதனை உண்டு. குளிர்காலம் முழுதும் அசையாமல் நின்றால் மின்கலம் வடிந்துபோகும். சக்கரங்களின் ரப்பர் தேயாமலே முதுமையால் வெடிப்புறும். எனவே ஆண்டில் இருபது இரவுகள் மட்டும் பயன்படுத்துவோருக்கு ஓர் இரவின் செலவு மிகவும் உயர்ந்துவிடும். மழைநீர் கசிந்து சுவரை அரிப்பதோ இரண்டிலும் ஒன்றுதான்.

மின்சாரக் கார்களின் வருகை கணக்கை மேலும் மாற்றுகிறது. கேரவனை இழுக்கும் மின்சாரக் கார், ஒரு முறை மின்னேற்றிச் செல்லும் தூரம் ஏறக்குறைய பாதியாகக் குறையக்கூடும். மின்னேற்றும் நிலையங்கள் பலவற்றில் கேரவனைக் கழற்றி வைத்தால்தான் இடம் கிடைக்கும். அடுத்த கார் மின்சாரக் காராக இருக்கும் என எண்ணுவோர் இதையும் கருத வேண்டும்.

முடிவு எடுப்பது எவ்வாறு?

முதலில் கடந்த மூன்று ஆண்டுகளின் பயணங்களைத் தாளில் எழுதுங்கள்: ஒவ்வோர் இடத்திலும் எத்தனை இரவு? ஆண்டுக்கு மொத்தம் எத்தனை? ஓரிடத்தில் சராசரியாக ஒரு வாரத்துக்கு மேல் தங்குவோர் கேரவனை விட அவசரப்பட வேண்டியதில்லை. தள்ளுவதுதான் சிரமம் எனில், கேரவனின் சக்கரங்களை மின்கலத்தால் உருட்டி நகர்த்தும் சிறு கருவி ஒன்று போதுமாகலாம். ஆனால் அதன் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்து, கேரவனிலும் காரிலும் ஏற்றும் எல்லாப் பொருள்களையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பட்டியலிட்டு, வாங்க நினைக்கும் மோட்டார்ஹோமின் மீதப் பாரத்துடன் ஒப்பிடுங்கள். உரிமத்தில் உள்ள வகையையும், 70 வயதுக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் உள்ளன என்பதையும் பாருங்கள். கடைசியாக, ஒரு மோட்டார்ஹோமை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, மழை பெய்யும் மாதத்தில், கடைக்குப் போவது உட்பட எல்லா வேலையும் அதிலேயே செய்து பாருங்கள். புறப்படும் முன், லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பது மிக அவசியம்.

இரண்டு வீடுகளிலும் பாரம் ஒன்றுதான். அதைத் தாங்கும் இடம்தான் வேறு. ஒன்றில் கொக்கி தாங்குகிறது, மற்றதில் அச்சு தாங்குகிறது. எந்தப் பாரத்தைத் தம்மால் எளிதாகக் கவனித்துக்கொள்ள முடியும் என்று முன்கூட்டியே கணக்கிட்டவர், எந்த வண்டியை வாங்கினாலும் பத்திரமாகவே ஊர் போய்ச் சேருவார்.