வேறுபட்டது இனமா, அளந்த ஆண்டா?

எமது உடலின் ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் உண்டு. ஆனால் ஈரலில் மும்முரமாக இயங்கும் ஒரு மரபணு மூளையில் உறங்கிக் கிடக்கலாம். எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதையே 'மரபணு வெளிப்பாடு' என்கிறோம். மார்புப் புற்றுநோயாளர் சிலருக்கு கீமோதெரபி தேவையா என்று தீர்மானிக்கவும் இந்த அளவீடு இன்று உதவுகிறது. ஆகவே, இதில் பிழை நேர்ந்தால் பாதிக்கப்படுபவர் நோயாளியே.

2007ஆம் ஆண்டு 'நேச்சர் ஜெனற்றிக்ஸ்' சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியானது. ஐரோப்பிய வழிவந்தோரையும் சீன, யப்பானிய மக்களையும் ஒப்பிட்டபோது, பரிசோதித்த 4,197 மரபணுக்களில் 1,097 வேறுபட்ட அளவில் இயங்குவதாக அது கூறியது. நாலில் ஒரு பங்குக்கும் மேல்!

அதே ஆண்டில், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தரவுகளை மீண்டும் ஆராய்ந்தனர். ஐரோப்பிய வழிவந்தோரின் மாதிரிகள் பெரும்பாலும் 2003, 2004இல் அளக்கப்பட்டிருந்தன. ஆசியர்களின் மாதிரிகளோ 2005, 2006இல் அளக்கப்பட்டிருந்தன. ஆண்டின் தாக்கத்தைக் கழித்துப் பார்த்தபோது இனவேறுபாட்டுக்கான சான்று மறைந்துவிட்டது. வேறுபாடே இல்லை என்பதல்ல இதன் பொருள். இனத்தால் வந்ததையும் ஆண்டால் வந்ததையும் அத்தரவுகளில் பிரித்தறிய முடியாது என்பதே.

ஆண்டு மாறினால் அளவு ஏன் மாறவேண்டும்? இரசாயனப் பொருள், கருவியின் நிலை, அறை வெப்பநிலை, வேலை செய்பவரின் கைப்பழக்கம் எல்லாம் முடிவைச் சற்று அசைக்கக்கூடியவை. ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒன்றாக அளக்கும்போது இச்சிறு அசைவுகள் பெரிய கண்டுபிடிப்புப்போல் தோன்றிவிடும்.

இதற்குத் திருத்தம் உண்டு. 2007இல் வெளியான 'கொம்பற்' என்னும் கணித முறை, ஒவ்வொரு தொகுதியும் எவ்வளவு விலகியுள்ளது என்று மதிப்பிட்டு அதை நீக்குகிறது. ஆனால் ஒரு தொகுதியில் ஒரு பிரிவினரும் மறுதொகுதியில் மற்றப் பிரிவினரும் மட்டுமே இருந்தால் எந்தக் கணிதமும் கைகொடுக்காது. பிழையைக் கழித்தால் உண்மையும் சேர்ந்து போய்விடும். எனவே தொடக்கத்திலேயே இரு பிரிவினரின் மாதிரிகளையும் கலந்து அளப்பதே சிறந்த மருந்து.

"ஆசியரின் மரபணு வேறு" என்று பத்திரிகைகளில் படிக்கும்போது எம்மவர்கள் பலர் கவலைப்படுகிறோம். இனிமேல் ஒரு கேள்வி கேட்போம்: இரு பகுதியாரையும் ஒரே காலத்தில், ஒரே முறையில் அளந்தார்களா? எமது கொலஸ்ரரோல் அளவுக்கும் இது பொருந்தும். இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்தில் பரிசோதிப்போம். சிறு ஏற்ற இறக்கத்தைக் கண்டு நாமாக மருந்தை மாற்றாமல் வைத்தியரிடம் கேட்போம்.