ஒரு காணியும் அந்தக் காணியும்

வற்றாப்பளை அம்மன் கோவில் வைகாசிப் பொங்கல் முடிந்து இரண்டு நாள் இருக்கும். இரண்டு வளவு தள்ளி இருக்கும் அக்கா ஒருவர் கையில் கடிதத்துடன் வந்தார். மாலையில் அயல் பிள்ளைகளுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது அவருக்குத் தெரியும்.

"பிள்ளை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும். என்ர காணியைத் தாங்கோ எண்டுதான் எழுதச் சொன்னனான். இவை வேற இடத்திலை காணி தாறதுக்குப் பேர் பதிஞ்சிருக்கினமாம்."

முன்பு அனுப்பிய கடிதத்தின் பிரதியும் அவரிடம் இருந்தது. காசு கொடுத்து யாரிடமோ ஆங்கிலத்தில் எழுதுவித்தது. அதில் ‘எ பீஸ் ஒஃப் லாண்ட்’ என்று இருந்தது. ஏதாவது ஒரு துண்டுக் காணி என்பதே அதன் கருத்து. அக்கா கேட்டதோ தாய் கொடுத்த சீதனக் காணியை, கிணறும் தென்னைகளும் நின்ற காணியை.

தமிழில் ‘எ’, ‘த’ இல்லை, அதனால்தான் பிழை விடுகிறோம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது முழுச் சரியாகப் படவில்லை. "காணி தாங்கோ" என்றால் எதுவும் ஆகலாம். "காணியைத் தாங்கோ" என்றால் இருவருக்கும் தெரிந்த ஒன்று. பொருள்களைப் பற்றிப் பேசும்போது, ஆங்கிலத்தில் ‘த’ செய்யும் வேலையைப் பல இடங்களில் எங்கள் ‘ஐ’ செய்கிறது. அக்காவின் வாயில் இருந்த அந்த ‘ஐ’ கடிதத்தில் விழுந்துபோய்விட்டது.

கதை சொல்லும்போதும் இதைத்தான் செய்கிறோம். ஒரு ஊரில் ஒரு ராசா என்று தொடங்குவோம். அடுத்த வசனத்தில் அந்த ராசா என்போம். முதலில் ‘எ’, பிறகு ‘த’. ஓர் ஆடு, ஒரு மாடு என்பது போலவே உயிரொலிக்கு முன் ‘எ’ என்பது ‘ஆன்’ ஆகும். எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைத்தான் கேட்கவேண்டும். ‘ஆன் அவர்’, ஆனால் ‘எ யூனிவர்சிட்டி’. ‘மை’ வந்தால் இவை எதுவும் தேவையில்லை. ‘மை லாண்ட்’, ‘மை சன்’ அவ்வளவுதான்.

இந்தச் சின்னச் சொல்லுக்காக நாடுகளே வாதாடியிருக்கின்றன. 1967 யூன் யுத்தத்தின் பின், அவ்வருடம் நவம்பர் 22இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை 242ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. கைப்பற்றிய பிரதேசங்களிலிருந்து இஸ்ரேல் படைகள் வெளியேறவேண்டும் என்ற இடத்தில், ஆங்கிலப் பிரதியில் பிரதேசங்கள் என்ற சொல்லுக்கு முன் ‘த’ இல்லை. எல்லாப் பிரதேசங்களுமா, சிலவா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. பிரெஞ்சுப் பிரதியோ எல்லாவற்றையும் குறிப்பதாகப் பலர் வாசிக்கின்றனர்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். எங்களுக்குப் பக்கத்துக் கேப்பாப்புலவுச் சனங்கள் 2017 மார்ச் 1இல் முகாம் வாசலில் குந்தியது ஏதாவது ஒரு காணிக்காக அல்ல.

அக்காவும் நானும் புதுக் கடிதம் எழுதினோம். ‘த லாண்ட்’ என்று மட்டும் போட்டால் எங்களுக்குத்தான் விளங்கும், வாசிப்பவருக்கு எந்தக் காணி என்று எப்படித் தெரியும்? ஆகவே காணியின் பெயர், கிராம சேவையாளர் பிரிவு, நாலு எல்லை, அனுமதிப்பத்திர இலக்கம் எல்லாம் சேர்த்தோம். உறுதி உள்ளவர்கள் உறுதி இலக்கத்தை எழுதலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வடக்கு, கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி. 1988இல் வந்த 16ஆவது திருத்தம் அதற்கு இடம் தந்திருக்கிறது. அரச அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு எழுதும்போதுதான் ஆங்கிலம் தேவைப்படுகிறது. எனவே தமிழ்க் கடிதத்தை மேலே வைத்து, ஆங்கிலப் பிரதியைக் கீழே இணைத்தோம்.

கையெழுத்து வைக்கமுதல் அக்கா கேட்டார்: "அந்தத் ‘த’ எங்கை பிள்ளை கிடக்கு?"

காட்டினேன். விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேனையை வாங்கினார். அன்றே முள்ளியவளைக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டோம். பற்றுச்சீட்டை அக்கா அனுமதிப்பத்திரத்துடன் சேர்த்து வைத்திருக்கிறார்.