சுண்ணாம்புக் கம்பம்

சிங்கப்பூருக்குச் செல்லும் தமிழர் ஒருவர், ‘லிட்டில் இந்தியா எங்கே?’ என்று அந்நகரத்து முதியவர் ஒருவரை வினவினால், ‘தேக்காவுக்கா?’ என்று மறுவினாவே விடையாக வரும். லிட்டில் இந்தியா என்னும் பெயர் 1980களில் உல்லாசப் பயணிகளை முன்னிட்டுப் பரவியது. தேக்கா என்பதோ ஹொக்கியன் சீன மொழிச் சொல். மூங்கிலடி என்பது அதன் பொருள். ரோச்சோர் கால்வாயின் கரையில் முன்னாளில் அடர்ந்திருந்த மூங்கிற் புதர்களே இப்பெயருக்குக் காரணம். இந்தியர் வாழும் பகுதிக்கு இந்தியர் வாயில் வழங்கும் பெயர் சீனப் பெயராய் அமைந்தது விந்தையன்றோ?

இவ்விரண்டுக்கும் அப்பால் தமிழர் இட்டு வழங்கிய பெயரொன்றும் உண்டு. அதுதான் சுண்ணாம்புக் கம்பம். ‘கம்போங்’ என்னும் மலாய்ச் சொல்லே கம்பம் எனத் திரிந்தது. சிற்றூர் என்று பொருள்படும். சிராங்கூன் வீதியை அடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கற் சூளைகளும் எரிந்த காலம் அது. அந்நாளில் சிங்கப்பூர் பெருநகராய் எழுந்துகொண்டிருந்தது. கட்டடம் எழ எழச் சுண்ணாம்பின் தேவையும் பெருகிற்று. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பால் எழுந்து 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித அந்திரேயா பேராலயத்தின் உட்சுவர்களில் ‘சென்னைச் சுண்ணம்’ பூசப்பட்டது. கிளிஞ்சற் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவையும் சர்க்கரையையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுச் சேர்த்த சாந்து அது. காய்ந்தபின் கல்லால் தேய்த்தால் பளிங்குபோல ஒளிரும். வெள்ளையரின் ஆலயச் சுவரிலே தென்னாட்டுக் கொத்தனின் கைத்திறன் இன்றும் மிளிர்கின்றது. அக்கையின் சொந்தக்காரர் பெயரைத்தான் எவரும் எழுதி வைக்கவில்லை.

சூளைத் தொழிலாளர் வழிபட்ட காளியே இன்று வீரமாகாளியம்மனாகச் சிராங்கூன் வீதியில் எழுந்தருளியிருக்கிறாள். சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே முன்னோர் அதனை அழைத்தனர். இரண்டாம் உலகப் போரில் யப்பானியர் குண்டு வீசியபோது மக்கள் இக்கோயிலிலே தஞ்சம் புகுந்தனர்.

சுண்ணாம்புக்கு அடுத்தபடி மாடு. ஆற்றுநீரும் சதுப்புநிலப் புல்லும் வாய்த்த இடமாகையால் மாட்டுப் பட்டிகள் இங்கே பெருகின. வண்டியிழுக்கவும் பாலுக்கும் இறைச்சிக்கும் மாடு வேண்டியிருந்த காலம். எருமை வீதி ஒன்று இருக்க, அதற்கு அணித்தாகவே கெர்பாவ் வீதி என்று மற்றொன்று உண்டு. கெர்பாவ் என்றாலும் எருமைதான். ஆங்கிலேயருக்கு ஓர் எருமை, மலாயருக்கு ஓர் எருமை! பட்டிகள் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. எனினும் பொங்கல் வரும்போது சில பசுக்களை விருந்தாளிகளாகக் கொணர்ந்து இங்கே கட்டி வைக்கிறார்கள். மாட்டை ஏட்டிலே மட்டும் கண்ட நகரத்துச் சிறுவர் அவற்றைச் சூழ்ந்து நின்று பார்ப்பதே தனியொரு காட்சி.

இப்பகுதி இந்தியருக்கே உரியதென்று எண்ணுவோர் அதே கெர்பாவ் வீதியில் நிற்கும் தான் தெங் நியா என்னும் சீன வணிகரின் இல்லத்தைக் காணவேண்டும். இனிப்புப் பண்டத் தொழில் நடத்திய அவரது வீடு 1900ஆம் ஆண்டளவில் எழுந்தது. டன்லொப் வீதியிலுள்ள அப்துல் கபூர் பள்ளிவாசலின் முகப்பிலே சூரிய வடிவம் ஒன்று உண்டு. அதன் 25 கதிர்களில் 25 நபிமாரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சற்று வடக்கே சீனிவாசப் பெருமாள் கோயில். தைப்பூசத்தன்று காவடிகள் புறப்படுவது இங்கிருந்துதான். மூன்று கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் நடந்து, செட்டிமார் கட்டிய தெண்டாயுதபாணி கோயிலை அடைகின்றன. முருகனுக்குரிய காவடி பெருமாள் சந்நிதியில் ஏன் எழ வேண்டுமென்று வியப்போர், மாமன் வீட்டிலிருந்து மருகன் வீட்டுக்குப் போவதாகக் கொள்ளலாம். யாழ்ப்பாணத்தார் எழுப்பிய செண்பக விநாயகர் கோயிலைக் காண விரும்புவோரோ இங்கே தேடுதல் வீண். அது கிழக்கே காத்தோங் பகுதியில், இலங்கையின் பெயர் தாங்கிய வீதியில் உள்ளது.

அரசாங்கம் அடுக்குமாடி வீடுகளைக் கட்டத் தொடங்கியபின் கடைவீடுகளின் மேல்மாடிகளில் வாழ்ந்த குடும்பங்கள் மெல்ல மெல்ல வெளியேறின. 1989இல் இப்பகுதி பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. சுவர்கள் காப்பாற்றப்பட்டன, வண்ணமும் பூசப்பட்டது. குடியிருந்தோர் திரும்பவில்லை. பூக்கட்டுவோரும் மளிகைக்காரரும் பொற்கொல்லரும் உயர்ந்த வாடகையோடு போராட வேண்டியவராயினர். 2015இல் இந்திய மரபுடைமை நிலையம் கேம்பல் சந்தில் திறக்கப்பட்டது. பழைய வாழ்வை அறிய விரும்புவோர் அங்கே செல்லலாம்.

ஆயினும் இவ்வட்டாரத்தின் உயிர்த்துடிப்பைக் காண ஞாயிறு மாலையே ஏற்ற வேளை. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து கட்டடத் தொழில் புரியும் இளைஞர் ஆயிரக்கணக்கில் கூடுவர். ஊருக்குப் பணம் அனுப்புவோர், தொலைபேசியில் தாயோடு பேசுவோர், புல்தரையில் வட்டமாக அமர்ந்து ஊர்க்கதை பேசுவோர் என எங்கும் மனிதத் தலைகள். 2013 டிசெம்பர் 8ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தின் சக்கரத்தில் அகப்பட்டு இறந்தார். கூடியிருந்தோர் கொதித்தெழுந்தனர், வாகனங்கள் தீக்கிரையாயின. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாடு காணாத கலவரம் அது. பலர் நாடுகடத்தப்பட்டனர். பின்னர் 2015இல் வந்த சட்டம், இவ்வட்டாரத்தில் வார இறுதி நாட்களில் பொதுவிடங்களில் மது அருந்துவதை விலக்கிற்று. மதுவே காரணமென்றார் சிலர். உழைத்துக் களைத்தவன் ஒருநாள் கால் நீட்டி உட்கார இடமில்லாமையே காரணமென்றார் வேறு சிலர்.

வியாழனன்று செல்லும் பயணி மாலைகளையும் சேலைகளையும் படமெடுத்துத் திரும்புவார். ஞாயிறன்று செல்பவரோ, காய்கறிக் கடையில் முருங்கைக்காயை முகர்ந்து பார்த்துவிட்டு, விலையைக் கேட்டு, இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் இளைஞனைக் காண்பார். அவன் தங்குவிடத்துக்குச் செல்லும் பேருந்து புறப்பட இன்னும் சிறிது நேரம் இருக்கும்.