பழைய புகைக்கூட்டில் புதுக்குழாய்

2022இல் இலங்கையிற் சமையல் எரிவாயு அரிதானபோது கோப்பாயிலும் விறகடுப்புகள் மீண்டும் எரிந்தன. கண் சிவந்து பள்ளிக்கு வந்த பிள்ளைகளைக் கண்டபோது, நெடுநாள் உறங்கிய புகைக்கூடுகளே நினைவுக்கு வந்தன.

அகன்ற பழங்கூட்டிற் சூடான புகை விரைவிற் குளிர்ந்து விசையிழக்கும், அடுக்களைக்கே திரும்பும். ஆதலின் அடுப்புக்கேற்ற உலோகக் குழாயை உள்ளே நிறுத்தி, முகட்டுக்கு மேல் உயர்த்துதல் நன்று. புகை செல்ல இடம்விட்டு மழைமூடி இடுக. கூரைமரம் குழாயைத் தீண்டலாகாது.

ஈரவிறகின் புகை கீல்போற் படியும். அப்படிவு ஒருநாள் தீப்பற்றவுங்கூடும். எனவே, அடுப்பு ஆறியபின் தும்புக்கட்டைக் கயிற்றிற் பிணைத்து மேலுங் கீழும் இழுத்துத் துப்புரவு செய்க. அடைபட்ட குழாயோ, நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு நஞ்சை வீட்டினுள் நிறைக்கும். அடுப்படியில் இருப்போர் தாயும் சேயுமே என்பதை மறவாதிருப்போமாக.