நாலுக்கு ஏழரை அடியில் ஒரு குளியலறை

பழைய தனிவீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்தப் பேச்சு ஒருநாள் வந்தே தீரும். கழிவறை கொல்லைப்பக்கம் இருக்கிறது. அப்பாவுக்கு ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்துபோக வேண்டியிருக்கிறது. நடுவில் ஒரு கூடம், ஒரு வாசற்படி, அதற்கப்புறம் ஈரமாகக் கிடக்கும் முற்றம். படுக்கையறையின் மூலையை அடைத்து அட்டாச்ட் பாத்ரூம் ஒன்று போட்டுவிடலாமா? கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினால் அவர் டேப்பை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "நாலுக்கு ஏழரை வருது சார். தாராளம். கமோடு அந்தக் கடைசில, ஷவர் இந்தப் பக்கம். வாஷ்பேசின் வேணும்னா மூலைல சின்னதா ஒண்ணு மாட்டிக்கலாம்."

அவர் சொல்வது சரிதான். குளியலும் கழிப்பறையும் சேர்ந்திருக்கும் அறைக்கு இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் கீழெல்லை 2.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. நாலுக்கு ஏழரை அடி ஏறக்குறைய அதே அளவு. உட்கார, எழ, திரும்பி நின்று குளிக்க இது போதும். ஆனால் டேப் அளப்பது ஆளுக்கான இடத்தை மட்டும். அந்த அறைக்குள் ஆள் இருக்கப்போவது நாளைக்கு ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் அங்கே குடியிருப்பவை தண்ணீரும் காற்றும். தண்ணீர் வெளியேற வழி இருக்கிறதா, காற்று மாற வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் இந்த அறை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

முதலில் காற்று. மேலே லாஃப்ட் போட்டு ஏழடி உயரத்தில் நிறுத்திவிட்டால் இந்த அறைக்குள் இருப்பது ஏறக்குறைய 6 கன மீட்டர் காற்று. 28 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 27 கிராம் நீராவியைச் சுமக்கும். கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் 75 சதவீதம் என்பது சாதாரணம். அப்படியானால் 20 கிராம் முன்பே ஏறியிருக்கிறது; மிச்சமிருப்பது 7 கிராமுக்கான இடம். அறை முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் 40 கிராம் வருகிறது. மூன்று மேஜைக்கரண்டித் தண்ணீர்கூட இல்லை. அவ்வளவு ஆவியானதும் அந்த அறையின் காற்று நிறைந்துவிடும், அதற்கு மேல் ஒரு சொட்டும் ஏறாது.

இனி தரையைப் பாருங்கள். குளித்து முடித்தபின் டைல்ஸ் மேல் 0.2 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஈரம் படிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது வெறும் பளபளப்பு. 2.8 சதுர மீட்டரில் அதுவே அரை லிட்டருக்கு மேல். சுவரில் தெறித்தது, ஆணியில் தொங்கும் ஈரத்துண்டு எல்லாம் தனி. காற்றுக்குள் இடம் 40 கிராம், ஏற வேண்டியது 560 கிராம். அறையின் காற்று முழுவதும் பதினாலு தடவை வெளியே போய்ப் புதுக்காற்று வந்தால்தான் தரை காயும். மணிக்கு 200 கன மீட்டர் தள்ளும் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால், காகிதக் கணக்குப்படி 25 நிமிடம். நிஜத்தில் காற்று நிறையும் முன்பே வெளியே ஓடிவிடுவதால் இன்னும் சில மடங்கு நேரமாகும். ஐப்பசி அடைமழையில் வெளிக்காற்றே 95 சதவீதம் ஈரமாக இருக்கும்போது, ஒரு கன மீட்டர் காற்று வந்து எடுத்துப்போவது ஒன்றரை கிராம்கூட இல்லை. அந்த மாதங்களில் சின்னக் குளியலறை காய்வதே இல்லை. மூலையில் கறுப்புப் பூஞ்சையும் காலடியில் வழுக்கலும் வருவது, வீட்டுக்காரர் சரியாகத் தேய்த்துக் கழுவாததால் மட்டுமல்ல.

ஈரக்காற்று எங்கே போய் நிற்கும் என்று கேட்டால் பலரும் கீழே என்பார்கள். தண்ணீர் கலந்தது கனக்கத்தானே வேண்டும் என்ற நினைப்பு. உண்மை நேர்மாறு. காற்றின் மூலக்கூறுகளின் சராசரி நிறை 29 என்றால் நீராவிக்கு 18தான். கனமான மூலக்கூறு இருந்த இடத்தில் லேசானது வந்து உட்காருவதால், ஒரே வெப்பநிலையிலும் ஈரக்காற்று உலர்காற்றைவிட லேசு. அது மேலே ஏறி லாஃப்ட்டுக்கு அடியில் தேங்கும். பழைய வீடுகளில் கூரையை ஒட்டி வெண்டிலேட்டர் வைத்தவர்கள் மூலக்கூறு நிறையைக் கணக்குப் போடவில்லை, ஆனால் சரியான இடத்தில்தான் வைத்தார்கள். மேலே ஃபேன் மட்டும் போட்டால் ஆகாது. வெளியே போகும் காற்றுக்கு ஈடாகக் கீழே கதவடியில் அரை அங்குல இடைவெளியோ, கம்பிச் சட்டமோ வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன் சத்தம் போடும், காற்று நகராது.

அந்த இடைவெளி வழியாகச் சத்தமும் வரும் என்பது வேறு தொல்லை. 1.2 மீட்டர் தள்ளி எதிரெதிரே நிற்கும் இரண்டு டைல்ஸ் சுவர்களுக்கு நடுவே 145 ஹெர்ட்ஸ் அருகே ஒலி ஒத்திசைந்து பெருகும். ஆண்குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 100க்கும் 150க்கும் இடையில்தான். சின்ன பாத்ரூமில் பாடுகிறவருக்குத் தன் குரல் கச்சேரிக்குத் தயாராகிவிட்டது போலத் தோன்றுவது இதனால். அந்தப் பக்கம் தூங்குகிறவரின் அபிப்பிராயம் வேறாக இருக்கலாம்.

காற்றுக்கு ஃபேன் போட்டுச் சமாளிக்கலாம். தண்ணீரோடு அப்படிப் பேரம் பேச முடியாது. கழிவுநீர் தன் எடையால்தான் ஓட வேண்டும். குழாய்க்குள் நொடிக்கு முக்கால் மீட்டர் வேகமாவது இருந்தால்தான் அது திடக்கழிவையும் இழுத்துக்கொண்டு போகும், குழாயைத் தானே கழுவிக்கொள்ளும். நாலங்குலக் குழாய்க்கு அதற்காக வைக்கும் வாட்டம் வழக்கமாக நாற்பதுக்கு ஒன்று. செப்டிக் டேங்க் பக்கத்துச் சேம்பர் 20 அடி தள்ளி இருந்தால் அரை அடி இறக்கம் வேண்டும். வீட்டின் எதிர்க்கோடியில் 40 அடி என்றால் ஒரு அடி. இதுபோக நஹானி ட்ராப் எனப்படும் தரை ட்ராப் தரைக்குக் கீழே இறங்கி உட்காரச் சில அங்குலம். கமோடு பிரச்சினை இல்லை. பி-ட்ராப் வாங்கினால் அதன் வாய் தரைக்கு மேலேயே, ஏழு அங்குல உயரத்தில் சுவர் வழியாக வெளியே போய்விடும். மாட்டிக்கொள்வது குளித்த தண்ணீர்தான். தரையைவிடத் தாழ்ந்து போக அதற்கு வேறு வழி கிடையாது.

அந்த இறக்கம் கிடைக்காதபோது கொத்தனார் கைகொடுப்பார்: "ஒரு அரை அடி தூக்கிடலாம் சார்." பாத்ரூம் தரை உயரும், வாசலில் ஒரு படி முளைக்கும். எந்தப் படியைத் தாண்ட முடியாமல் அப்பா சிரமப்படுகிறார் என்று இந்த வேலையை ஆரம்பித்தோமோ, அதே படி இப்போது கட்டிலிலிருந்து ஆறடியில், ஈரக்காலோடு இறங்கும் இடத்தில் நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே பல அட்டாச்ட் பாத்ரூம்களைக் கட்டாமல் விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். மாடியில் என்றால் எடையும் சேரும். ஒரு அடிக்குச் செங்கல் ஜல்லி நிரப்பினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய அரை டன். நாலரை அங்குலச் சுவர் பத்தடி உயரத்துக்கு எழும்பினால், ஓடும் மீட்டருக்கு அறுநூறு கிலோவுக்கு மேல். கீழே உத்திரம் இல்லாத தளத்தில் இதை ஏற்றும் முன் பொறியாளர் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

வாட்டமும் இருக்கிறது, குழாயும் போட்டாயிற்று என்றால் அடுத்தது நாற்றம். அறைக்கும் சாக்கடைக்கும் நடுவே நிற்பது ட்ராப் என்ற வளைந்த குழாயில் தேங்கிய இரண்டங்குலத் தண்ணீர். லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கம்மிங், ஃப்ளஷ் கழிப்பறைக்கு 1775இல் காப்புரிமை பெற்றார். அந்தக் கழிப்பறையின் கீழே இருந்த வளைவுதான் இன்று ஒவ்வொரு கமோடுக்குள்ளும் இருக்கிறது. நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் நின்று, கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. இதைவிட எளிய கருவி வீட்டில் வேறு இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன், தோன்றவில்லை.

எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. 50 மில்லிமீட்டர் நீர் தாங்கும் அழுத்தம் சுமார் 490 பாஸ்கல். நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றழுத்தத்தில் அரை சதவீதம். மாடியில் யாராவது ஃப்ளஷ் இழுக்கும்போது செங்குத்துக் குழாயில் தண்ணீர் திமுதிமுவென்று விழுந்து, பின்னால் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சல் இந்த அளவைத் தாண்டினால் கீழ்வீட்டு ட்ராப்பில் உள்ள தண்ணீர் இழுபட்டுப் போய்விடும். 'களக்' என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் அழுகிய முட்டை வாடை. மொட்டைமாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக்குழாய் இதற்காகத்தான். குழாய்க்குள் அழுத்தம் குறையும்போது காற்று அந்த வழியாக இறங்கி ஈடுகட்டும். புதிதாக ஒரு பாத்ரூமைப் பழைய குழாயில் கொண்டுபோய்ச் சொருகும்போது பிளம்பர்கள் அதிகம் விட்டுவிடுவது இதைத்தான்.

தண்ணீர் வற்றிவிட்டாலும் கதவு திறந்தமாதிரிதான். 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் நோய் பரவியது. 300க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், 42 பேர் இறந்தார்கள். விசாரித்தவர்கள் போய் நின்ற இடம் குளியலறைத் தரை. அங்கே தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே பழகியிருந்ததால், தரை ட்ராப்புகள் பல வீடுகளில் காய்ந்துகிடந்தன. கதவைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டபோது, சின்ன அறைக்குள் அழுத்தம் குறைந்து, செங்குத்துக் கழிவுக்குழாயிலிருந்த நுண்துளிகளை அந்தக் காய்ந்த துளை வழியாக அறைக்குள் இழுத்தது என்பது அவர்கள் முடிவு. சின்ன ஃபேனால் நிறைந்த ட்ராப்பை வெல்ல முடியாது. அதன் உறிஞ்சல் 490 பாஸ்கலுக்கு வெகு கீழே. வறண்ட ட்ராப்போ வெறும் ஓட்டை. பிள்ளைகள் வரும்போது மட்டும் திறக்கும் அட்டாச்ட் பாத்ரூம் என்றால், வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மக்கு தண்ணீரைத் தரை ட்ராப்பில் ஊற்றிவையுங்கள்.

இதைவிடச் சின்னதாகக் கட்டியவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அமெரிக்காவின் பக்மின்ஸ்டர் ஃபுல்லர், செப்புத்தகட்டை அச்சில் அழுத்தி ஐந்தடிக்கு ஐந்தடிக்குள் முழுக் குளியலறையையும் அடக்கி 1940இல் காப்புரிமை வாங்கினார். அழுக்குத் தங்க மூலையே கிடையாது, எல்லாம் வளைவு. விற்பனைக்கு அது தேறவில்லை. ஜப்பான்காரர்கள் தேற்றிக்காட்டினார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காக நியூ ஒட்டானி ஓட்டலை அவசரமாக எழுப்பியபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகளுக்கு டோட்டோ நிறுவனம் குளியலறைகளைத் தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுவந்து இறக்கியது. கட்டடக்கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைத்து 1972இல் எழுந்த நக்காகின் கோபுரத்தில் 140 அறைக்கூடுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் விமானக் கழிப்பறை அளவுக்கு ஒரு குளியலறை. 2022இல் அதைப் பிரித்துவிட்டார்கள். இவற்றிலெல்லாம் தரையும் சுவரும் சில பெரிய வார்ப்புகள்தான், இணைப்புகள் மிகக் குறைவு. நம் குளியலறையில் நூற்றுக்கணக்கான டைல்ஸ் இடுக்குகள். ஒவ்வோர் இடுக்கும் தண்ணீரைச் செங்கல்லுக்குக் கொடுக்கும், செங்கல்லின் நுண்துளைகள் அதை உறிஞ்சி மேலே ஏற்றும், இரண்டு மழைக்காலத்துக்குள் படுக்கையறைப் பக்கம் பீரோவுக்குப் பின்னால் சுவர் ஓதமடித்துப் பெயின்ட் உப்பிக்கொண்டு வரும். டைல்ஸ் ஒட்டும் முன்பே வாட்டர்ப்ரூஃபிங் பூசி, ட்ராப்பை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டிவைத்துப் பார்க்கச் சொல்வது இதற்காக.

விமானம் செய்த வித்தை வேறு. ஜேம்ஸ் கெம்பர் 1975இல் காப்புரிமை பெற்ற வெற்றிடக் கழிப்பறை, 1982இல் போயிங் விமானத்தில் ஏறியது. வானில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, உள்ளே அதிகம். அந்த வித்தியாசமே கழிவைத் தள்ளிக்கொண்டு போகிறது. வாட்டம் தேவையில்லை, குழாய் மேல்நோக்கிக்கூட ஏறலாம். அதனால்தான் அங்கே கழிப்பறையை நினைத்த இடத்தில் வைக்க முடிகிறது. தரையில் இருக்கும் வீட்டுக்கும் கழிவை அரைத்து மேலே ஏற்றும் பம்ப் கிடைக்கிறது. கரண்ட் போன ராத்திரியில் அப்பா அதை நம்பியிருக்க வேண்டும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆக, மூலை வெளிச்சுவரை ஒட்டியிருந்து, செப்டிக் டேங்க்கும் அந்தப் பக்கமே இருந்தால் நாலுக்கு ஏழரையில் தைரியமாகக் கட்டலாம். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். கைப்பிடிக் கம்பிக்கான இடங்களை டைல்ஸுக்கு முன்பே குறித்துவிடுங்கள். நாலு பக்கமும் உள்சுவர், டேங்க் எதிர்க்கோடி என்றால் விட்டுவிடலாம். அந்தப் பணத்தில் கொல்லைக்கழிவறை வரைக்கும் படியைச் சரிவாக்கி, வழியெல்லாம் கம்பியும் விளக்கும் போடுவது நல்லது.

இந்த இரண்டில் உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளச் சுவரை இடிக்க வேண்டியதில்லை. கொத்தனார் பையிலேயே டியூப் லெவல் இருக்கும். தண்ணீர் நிரப்பிய அந்தத் தெளிவான குழாயின் ஒரு முனையைச் சேம்பர் மூடியைத் திறந்து அங்கே பிடிக்கச் சொல்லுங்கள், மறுமுனையைப் படுக்கையறை மூலையில். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து அங்கே சேம்பர் குழாயின் அடி எவ்வளவு ஆழம், இங்கே அறைத்தரை எவ்வளவு ஆழம் என்று அளந்து கழித்துக்கொள்ளுங்கள். கிடைத்ததில், குழாய் ஓடும் தூரத்தில் நாற்பதில் ஒரு பங்கு வாட்டத்துக்கு, ட்ராப்புக்குச் சில அங்குலம். மிச்சம் ஏதாவது நின்றால் மறுநாளே வேலையை ஆரம்பிக்கலாம்.